கவனமாகப் பரிசீலிக்கப்பட்ட மூன்று சென்ட்

வந்த தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, இணைப்புகள் உட்படப் படித்த பிறகே கோப்பில் சேர்க்க வேண்டும். அலுவலக நடைமுறையில் இதற்கு மேற்பட்ட விதி கிடையாது. தேனிப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தபோது, புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் சொல்லிவிட்டு, ஓய்வுபெற்று, கடல் கடந்து வந்து, இங்கிலாந்தில் மகள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானே அதை மீறினேன்.

இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஓர் அறிவிப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பேருந்து வராது; ஆனால் உங்கள் பொறுமை 'கிரேட்லி அப்ரிஷியேட்டட்'. எழுதியவர் யாரோ, கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது. குளிர் புதிது, சாப்பாடு புதிது, மேகம்கூடப் புதிது. இந்த ஆங்கிலம் மட்டும் எனக்குச் சொந்தக்காரன். இதில் செயப்பாட்டு வினைகளுக்கும் அடைமொழிகளுக்கும் அத்தை மகன், மாமன் மகள் போலப் பிறக்கும்போதே சம்பந்தம் முடிவாகிவிடும். 'ரிக்ரெட்டட்' என்றால் 'டீப்லி'. 'நோட்டட்' என்றால் 'டியூலி'. 'கன்சிடர்ட்' என்றால் 'கேர்ஃபுல்லி'. மாற்றிக் கட்டிவைத்தால் சபை ஏற்காது. பெயரடையோடு குடித்தனம் நடத்தும் வினைகளும் உண்டு: 'கெப்ட் பெண்டிங்', 'ஃபவுண்ட் அன்சூட்டபிள்'. அந்த வீடுகளில் எல்லாரும் இருப்பார்கள், காரியத்தைச் செய்த ஆள் மட்டும் இருக்க மாட்டார். அடைமொழி எவ்வளவு பாசமாக இருக்கிறதோ, கோப்பு அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது என் அனுபவம்.

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு ராவுத்தர், வாய்க்காலைத் தாண்டித் தோட்டத்துக்குப் போகச் சின்னப் பாலம் கேட்டு மனுப் போட்டிருந்தார். அவருக்கு நான்தான் பதில் தயாரித்தேன். மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு வருகிறது. மறுநாள் ஒரு கூடை பன்னீர் திராட்சையோடு வந்து நின்றார். "கவனமாப் பாக்குறாகன்னு போட்டிருக்கீகளே, அது போதும் சார்!" முகமெல்லாம் சிரிப்பு. திராட்சையைத் திருப்பிக் கொடுத்தேன். சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டு அவரே இரண்டு தென்னந்தடியை வாய்க்காலின் குறுக்கே போட்டுக்கொண்டார். அந்தப் பாலம் இன்றைக்கும் உறுதியாக நிற்கிறதாம். பரிசீலனையும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

இனி என் மனைவி பாக்கியம். பொட்டிப்புரத்து விவசாயக் குடும்பத்துப் பெண். இங்கே இரண்டு குளிர்காலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தவள், மூன்றாவது வருடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இங்கன காலு மண்ணுல படவே மாட்டேங்குது. ஆடிப்பட்டம் வரைக்கும் பாப்பேன். நெலம் கெடைச்சா இருப்பேன். இல்லாட்டி ஊருக்குப் போயிருவேன். நீங்க இங்கனயே பஸ் ஸ்டாப்புல நின்னு இங்கிலீசு படிங்க." சொன்னதோடு நிற்காமல், ஆடி கடைசிக்கு மகளிடம் டிக்கெட்டும் எடுக்கச் சொல்லிவிட்டாள். ஒற்றை டிக்கெட்.

இங்கே காய்கறி போட்டுக்கொள்ள ஊர்க்காரர்களுக்குச் சிறுசிறு துண்டு நிலம் வாடகைக்குத் தருவார்கள். அலாட்மென்ட் என்று பெயர். நம் கணக்கில் மூன்று சென்ட் வரும். அவள் பெயரில் நான் விண்ணப்பித்தேன். வைகாசியில் பதில் வந்தது. உறையைப் பிரித்ததும் முதல் வரி: தங்கள் விண்ணப்பம் 'கேர்ஃபுல்லி கன்சிடர்ட்'. அவ்வளவுதான், நிலம் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல் படிப்பது நேர விரயம். துளை போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சை நூல் கோத்து, பக்க எண் இட்டு, 'முடிவுற்றது' என்று எழுதி மூடினேன். பாக்கியத்திடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து, அலமாரி துடைத்தவள் கோப்பை விரித்தபடி வந்தாள்.

"ஏங்க, இது யாரு நெலத்துப் புலப்படம்?"

"அது முடிஞ்சுபோன கோப்பு. உள்ள வையி."

"முடிஞ்சதுக்கு எதுக்குப் படம் போட்டு அனுப்புறாக? இந்தா, இது பாதை. இது தண்ணிக்குழாய். நடுவுல ஒரு துண்டுக்கு மட்டும் செவப்பு மை அடிச்சு நம்பர் போட்டிருக்காக. எங்கய்யா பத்திரத்துல நான் பாக்காத படமா?"

ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் வாசிக்காதவள் அந்தத் தாளை என்னைவிட நன்றாக வாசித்திருந்தாள். வாங்கித் திருப்பினேன். கவனமாகப் பரிசீலித்து, நிலத்தை ஒதுக்கியே விட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை நேரில் வந்து உறுதி செய்யவும். தவறினால் அடுத்தவருக்குப் போகும். அந்தச் சனிக்கிழமை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

"ரெண்டாம் பக்கத்தப் படிச்சீகளா, இல்லையா?"

"மொதப் பக்கத்துலயே..."

"எங்கூருல பத்தாப்புப் பெயிலானவன்கூட தாளைத் திருப்பிப் பாப்பான்!"

மழையில் என்னை அந்த நிலத்துக்கே இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மார்கரெட் என்ற அம்மையார், என் வயதுதான் இருக்கும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தக்காளிக் கொட்டகையில் நின்றிருந்தார். அவர்தான் அலாட்மென்ட் சங்கச் செயலாளர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்கள் கடிதம் 'இனட்வெர்டென்ட்லி ஓவர்லுக்ட்', அதாவது கவனக்குறைவால் பார்க்கப்படாமல் விடப்பட்டது, என்றேன். உடனே அவர் முகம் வாடிவிட்டது. ஐயோ, முகவரியைத் தப்பாக எழுதிவிட்டேனோ, இந்த வருடம் மூன்று கடிதம் இப்படிப் போய்விட்டது, என் தவறுதான் என்று மன்னிப்பே கேட்க ஆரம்பித்துவிட்டார். என் வாக்கியத்தில் ஆள் இல்லாத இடம் காலியாக இருந்தது; பாவம், அவர் வந்து உட்கார்ந்துகொண்டார். பழைய அலுவலகமாக இருந்தால் நாற்காலியைத் துடைத்தே கொடுத்திருப்பேன்.

பாக்கியம் முழங்கையால் இடித்தாள். "அந்தம்மா ஏன் மொகம் சுண்டிப்போனாக? என்னத்தச் சொன்னீக?"

"நான்தான்," என்றேன் ஆங்கிலத்தில். "கடிதம் வந்தது. நான் படிக்கவில்லை."

 மார்கரெட் கொட்டகை அதிரச் சிரித்தார். ஆனால் நிலம் அடுத்தவருக்குப் போய்விட்டது. மறுபடி எழுதிப் போடுங்கள், பார்க்கலாம் என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாக்கியம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து முகர்ந்தாள். "களிமண்ணு. எருப் போட்டாத்தான் வெளங்கும்." மார்கரெட்டும் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பிசைந்து, வருத்தத்தோடு தலையாட்டினார். இருவரும் ஐந்து நிமிடம் பேசினார்கள், அவரவர் மொழியில். நான் குடை பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். 'என் மனைவி நிலம் கேட்டாள். நீங்கள் கொடுத்தீர்கள். நான் இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை. மறுபடி கொடுத்தால் அவள் வெட்டுவாள், நான் தண்ணீர் சுமப்பேன்.' ஓர் அடைமொழி இல்லை. தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாள். "இம்புட்டுத்தானா? இத எழுதவா முப்பத்து நாலு வருசம்?" என்றாள். நான் எழுதிய ஒன்றுக்கு அவள் சிரித்தது அதுவே முதல் தடவை.

பதில் வரவில்லை. ஆனி போனது. பாக்கியம் கடையில் வாங்கிய மொச்சையை ஐஸ்கிரீம் டப்பாவில் முளைகட்டி ஜன்னலோரம் வைத்தாள். அது கொடி விட்டு, திரைச்சீலையைப் பிடித்து ஏறியது. பெட்டியும் பாதி அடுக்கியிருந்தது.

எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு காலண்டர்கள். ஒன்று இந்த ஊருடையது. மற்றது ஊரில், தேனி அல்லிநகரத்துக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர். அதன் தாளைப் பாக்கியம் இங்கே மாலை ஏழரை மணிக்கே கிழித்துவிடுவாள். ஊரில் அப்போது அடுத்த தேதி பிறந்துவிடும். அதிலிருந்து படுக்கப்போகும்வரை தினமும் நாங்கள் இரண்டு தேதிகளில் குடியிருக்கிறோம்.

அன்றும் அவள் தாளைக் கிழித்துச் சிறிது நேரம் இருக்கும். கோடை வெயில் இன்னும் இறங்கவில்லை. அழைப்பு மணி அடித்தது. வாசலில் ரப்பர் பூட்ஸோடு மார்கரெட். தபாலை நம்பாமல் தன் கையாலேயே கொண்டுவந்திருந்தார். இந்தமுறை நின்றபடியே தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை. முன்பக்கம் மூன்று வரி: நிலத்தை எடுத்தவருக்கு முதுகு வலி, விட்டுவிட்டார். நிலம் உங்களுடையது. டீ போடக் கெட்டில் கொண்டுவாருங்கள்.

இந்த மாதம் விதைத்தால் குளிருக்குள் காய்க்காது என்று மார்கரெட் எச்சரித்தார். மொழிபெயர்த்தேன். பாக்கியம் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மொச்சை டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அந்த டிக்கெட்ட வேண்டாம்னு சொல்லிருங்க," என்றாள்.

பச்சை நூலை அவிழ்த்துக் கடிதத்தைக் கோத்தேன். 'முடிவுற்றது' என்பதைக் கோடிட்டு அடித்தேன். கடிதம் வந்த தேதியை எழுதப் பேனாவைத் திறந்தவன் சுவரைப் பார்த்தேன். இந்த ஊர்க் காலண்டர் ஒன்று சொன்னது. அல்லிநகரத்துக் காலண்டர் இன்னொன்று சொன்னது. இரண்டும் சரிதான். எதை எழுதுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் விதி இல்லை.

"இதுல என்ன ரோசனை?" என்றாள் பாக்கியம், செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆடிப் பதினெட்டுன்னு போடுங்க."

பெறப்பட்டது என்று எழுதவில்லை. நாங்கள் பெற்றுக்கொண்டோம், ஆடிப் பதினெட்டு.