மூக்கைத் தேடித் திண்டுக்கல்லில் ஒரு நாள்

திண்டுக்கல்லுக்கு ஆட்கள் பிரியாணிக்காகப் போவார்கள், பூட்டு வாங்கப் போவார்கள், பழனிக்குப் போகிற வழியில் இறங்குவார்கள். நான் போனது பிரான்ஸ் நாட்டு ஒயினுக்காக. சிரிக்காதீர்கள், விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் உணவகத்தில் ஒயின் பரிமாறுவது என் வேலை. போன பிப்ரவரியில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது, போகும்போது மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பால் தீய்ந்தாலும் தெரியவில்லை, கேஸ் கசிந்தாலும் தெரியாது. ஏழு வாரம் ஆகியும் திரும்பவில்லை. இதற்கு நடுவில் ஓட்டல் நடத்தும் ஒயின் வகுப்பின் தேர்வு தேதி வந்துவிட்டது. போர்தோ என்ற பிரெஞ்சுப் பகுதியின் சிவப்பு ஒயின்கள்தான் பாடம். மூன்று கிளாஸ் வைப்பார்கள். எது எந்தத் திராட்சை என்று சொல்ல வேண்டும். தேறினால் ஒயின் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். மூக்கு போன கதை மேனேஜருக்குத் தெரிந்தால் இருக்கிற வேலையும் சந்தேகம்தான். என் வீட்டுக்காரருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

"கடுமையான வாசனைகளைத் தேடிப் போய் முகருங்க. வரலாம், வராமலும் இருக்கலாம்" என்றார் டாக்டர். அந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

போர்தோ சிவப்பு ஒயினில் என்னென்ன மணக்கும் என்று பாடப்புத்தகம் ஒரு பட்டியல் தருகிறது. கறுத்த பழங்கள், புகையிலை, பதனிட்ட தோல். அதைப் படித்துப் பார்த்த வீட்டுக்காரர்தான் சொன்னார், "இதெல்லாம் திண்டுக்கல்லாச்சே!" அவருக்கு அந்தப் பக்கம். புகையிலை மண்டி, தோல் பதனிடும் கூடம், சிறுமலை அடிவாரத்தில் பன்னீர் திராட்சை, எல்லாம் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள். தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது எழும்பூரில் ரயில் ஏறினேன். ஸ்லீப்பர் 285 ரூபாய். காலை 5.20க்குத் திண்டுக்கல்.

ஸ்டேஷன் வாசலில் டீ, 12 ரூபாய், வெந்நீர் மாதிரி இருந்தது. டீயைக் குறை சொல்லவில்லை, ஏழு வாரமாக எல்லா டீயும் அப்படித்தான். லாட்ஜில் குளித்துவிட்டு, எட்டு மணிக்கு பஷீர் பாயின் ஆட்டோவைப் பிடித்தேன். நாள் முழுக்க 1,400 ரூபாய் என்று பேசினோம். போகிற இடங்களைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"புகையில, திராட்ச, தோல். என்ன யாவாரம் தங்கச்சி பண்றீங்க?"

"படிப்புங்க பாய்."

"இப்பிடியும் ஒரு படிப்பா!" என்று வண்டியைக் கிளப்பினார்.

முதலில் ஊருக்குள்ளேயே ஒரு புகையிலை மண்டி. புகையிலைக் கட்டுகளை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கிக் காட்டினார்கள். வாசலில் நின்ற பாய்க்கே மூன்று தும்மல். நான் சிப்பத்துக்குள் முகத்தைப் புதைக்காத குறை. கண் எரிந்தது, தொண்டை கமறியது. வாசனை? ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்து வெள்ளோடு. ஸ்டேஷனிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், சாலை பரவாயில்லை, கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். 9.40க்குப் போய்ச் சேர்ந்தோம். பந்தல் போட்டுத் திராட்சைக் கொடியைப் படரவிட்ட தோட்டம். முத்துலட்சுமி அக்காதான் உரிமையாளர். கத்தரிக்கோலால் பழம் அறுத்துக்கொண்டிருந்தார். குலையைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

"பழத்தத் தொடாதீங்க தாயி! மேல சாம்பல் பூத்தாப்ல இருக்குல்ல, அது அழிஞ்சா ஏவாரி பழைய பழம்பான். காம்பப் பிடிங்க."

ருசி பார்க்கிற முறையும் அங்கே தனி. குலையின் மேலே இருக்கிற பழத்தை யாரும் தின்று பார்ப்பதில்லை. அடி நுனியில் தொங்குகிற கடைசிப் பழத்தைத்தான் கிள்ளித் தருகிறார்கள். அதுதான் கடைசியாகப் பழுக்குமாம். வால் இனித்தால் குலை முழுக்க இனிக்கும். எங்கள் வகுப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

வாலைக் கடித்தேன். இனிப்பு, பின்னாலேயே புளிப்பு, தோலில் துளி துவர்ப்பு. அவ்வளவுதான். பன்னீர் மணக்கிறது என்றுதானே அந்தப் பழத்துக்கே பேர்! நாலு ஏக்கர் பன்னீர் திராட்சைக்கு நடுவில் நின்றுகொண்டு எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை.

"எங்க தோட்டத்துப் பழம் வாசம் எப்பிடி? ரோட்டுல போறவுகளே நின்னு கேப்பாக" என்றார் அக்கா, முகமெல்லாம் பெருமை.

"அருமைக்கா, கும்முனு இருக்கு" என்றேன்.

பொய். அவர் சந்தோஷமாக இன்னொரு குலையை அறுத்துப் பைக்குள் வைத்தார், காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். ஆட்டோவில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டினார். மதியம் சீரகச் சம்பா மட்டன் பிரியாணி, 240 ரூபாய். உப்பும் காரமும் தெரிந்தது. திண்டுக்கல் வரை வந்து பிரியாணியை மருந்து மாதிரி சாப்பிட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கடைசி நம்பிக்கை தோல் கூடம். பேகம்பூரைத் தாண்டி வத்தலக்குண்டு சாலைப் பக்கம், பாயின் மச்சான் சலீம் அங்கே மேஸ்திரி, நாற்பது வயதிருக்கும். 2.15க்கு உள்ளே போனோம். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுகிற தோல்களின் பக்கத்திலேயே போய் நின்றேன். பாய் கேட்டிலேயே கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டார். சலீம் என்னையே பார்த்தார்.

"மொத தடவ வர்றவங்க வாந்தி எடுப்பாங்க. நீங்க என்னங்க பூக்கடையில நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

இரண்டாவது பொய்க்குத் தெம்பில்லை. "மூக்கு போச்சுங்க. ஏழு வாரமாச்சு" என்று உடைத்துச் சொன்னேன், தேர்வு வரைக்கும்.

அவர் சிரித்துவிட்டார். "எனக்கு இந்த வேலைக்கு வந்த ஆறாம் மாசமே பாதி மூக்கு போச்சு. அதுக்காக வேல பாக்காமயா இருக்கேன்? வாங்க."

தோல் பதனிட மரப்பட்டை ஊறப்போட்ட மூன்று பீப்பாய்கள் இருந்தன. ஒரே பட்டையை மூன்று தடவை ஊறவைத்துச் சாறு இறக்குகிறார்கள். முதல் தண்ணீர் கடுமை, மூன்றாவது சாது. எது எவ்வளவு துவர்ப்பு என்று சலீம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துத்தான் சொல்கிறார். "தோல் போடாத தண்ணிதான், பயப்படாதீங்க. முழுங்காம துப்பிருங்க" என்றார்.

மூன்றாவது தண்ணீர் நாக்கில் வழுவழுவென்று போனது. இரண்டாவது கன்னத்தைப் பிடித்தது. முதல் தண்ணீர் ஈறு வரைக்கும் இழுத்து, பல்லுக்கு மேல் உதட்டை ஒட்ட வைத்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போர்தோ திராட்சைகளில் மெர்லோ வழுவழு, கேபர்னே ஃப்ரான் நடுத்தரம், கேபர்னே சோவின்யோன் ஈறைப் பிடிக்கிற முரடு. தோலைப் பதமாக்குகிற அதே துவர்ப்புத்தான் திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருக்கிறது. புத்தகத்தில் டானின் என்று ஐம்பது தடவை படித்ததை அன்றைக்குத்தான் வாயில் கண்டேன். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பாய் வரிசை மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஆறு தடவையில் ஐந்து சரி. "பாஸு! பாஸு!" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து கத்தினார்.

சாயங்காலம் 5.10க்கு மதுரைப் பக்கமிருந்து வந்த ரயிலில் உட்கார்ந்தேன். எதிர் சீட்டுக்காரர் ஐந்தே நிமிடத்தில் எழுந்து வேறு இடம் போனார். என் சட்டைதான் காரணம் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

தேர்வில் மூன்று கிளாஸ். நாக்கு சொன்னதைக் கேட்டேன். திராட்சைப் பெயர் மூன்றையும் எழுதிவிட்டேன். பக்கத்தில் வாசனைக்கென்று தனிக் கட்டம். பெயர் தெரிந்துவிட்டால் அந்தக் கட்டத்தை நிரப்புவது ஒன்றும் கஷ்டமில்லை, புத்தகத்துப் பட்டியல் எனக்கு மனப்பாடம். பேனாவைக் கட்டத்தில் வைத்து, புகையிலை என்பதன் முதல் எழுத்து வரைக்கும் எழுதியாகிவிட்டது. அப்போது முத்துலட்சுமி அக்கா பெருமையாகப் பார்த்த முகம் ஞாபகம் வந்தது. அடித்துவிட்டு, "இப்போது எனக்கு வாசனை தெரியவில்லை" என்று மூன்று கட்டத்திலும் எழுதினேன். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை.

திராட்சை மூன்றும் சரி. ஆனால் வாசனைக்கு மார்க் இல்லாததால் தேறவில்லை. மேனேஜர் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "மூணு மாசம் கழிச்சு மறுபடி எழுதுங்க" என்றார். அதற்குள் மூக்கு வராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பதினோரு நாள் கழித்து, பால்கனியில் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டிருந்த அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். முடிச்சை அவிழ்த்ததும் என்னவோ மண்டையில் அடித்தது. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் புழுங்கிய நாற்றம், குடலைப் புரட்டுகிற நாற்றம். உள்ளே இருந்து வீட்டுக்காரர் "என்ன கருமம் அது, செத்த எலியா?" என்று கத்தினார். நான் சட்டையை முகத்தோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திராட்சைத் தோட்டத்துக்குப் பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள், வெயில் ஏறினால் அறுப்பை நிறுத்திவிடுவார்கள். தோல் கூடத்துக்கு முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், சாப்பிட்ட கையோடு போகாதீர்கள். நல்ல துணி வேண்டாம், பழைய சட்டையே போதும். ஊர் திரும்பியதும் அதை உடனே துவைத்துவிட வேண்டாம்.