மெர்லின் கையை நீட்டிய வெள்ளிக்கிழமை

என்னோடு ஜெபிக்கிறவர்களே, கோவிலில் எழுந்து நின்று பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். இந்தத் தவக்காலத்தில் என் மகள் மெர்லினின் வலது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. அவளுக்கு ஏழு வயது. காரணம் நான்.

நாங்கள் பட்டினப்பாக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார். நான் மந்தைவெளியில் மீன் விற்கிறேன். சாம்பல் புதனுக்கு அடுத்த வாரம், காலையில் கிளம்புகிற அவசரம். மெர்லின் ஓடி வந்து இடித்ததில் மீன் கூடை மண்ணில் கவிழ்ந்தது. வந்த கோபத்தில் அவளைத் தள்ளிவிட்டேன். சிமெண்ட் படியில் கையை ஊன்றி விழுந்தாள். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எப்படி விழுந்தா?" என்று கேட்டார்.

"வெளையாடிக்கினு இருந்தா, வுழுந்துட்டா" என்றேன்.

மெர்லின் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாலையில் அவள் அப்பா கேட்டபோது, "நானா வுழுந்துட்டேன்பா" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அந்த நிமிடமே செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியது.

மாவுக்கட்டு மூன்று வாரம். தினமும் ஜெபமாலை சொன்னேன். பாதியில் நின்றுவிடும். யாரை ஏமாற்றுகிறேன்?

கட்டைப் பிரித்த அன்று டாக்டரம்மா, "எலும்பு நல்லா கூடிடுச்சு. இனிமே வீட்லதான் வேலை. வெதுவெதுப்பான தண்ணில கைய வெச்சு, விரலை மடக்கி நீட்ட வைங்க. வலிச்சா விட்டுடுங்க, வலுக்கட்டாயம் வேணாம்" என்றார்.

நான் தண்ணீரோடு உட்கார்ந்தாலே மெர்லின் கையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்வாள். அப்பா கூப்பிட்டாலும் தரமாட்டாள். சோறும் இடது கையில், பென்சிலும் இடது கையில். அந்த வலது கை மெலிந்து, யாருடையதோ போலத் தொங்கியது. இரண்டு வாரம் இப்படியே போனது. மறுபடி காட்டியபோது, "எலும்புல ஒண்ணும் இல்லம்மா. எதுக்கோ பயப்படுறா" என்றார் டாக்டரம்மா.

எதற்கென்று எனக்குத் தெரியும். வியாபாரத்துக்குப் போகாமல் கடற்கரையில் உட்கார்ந்து, "என்ன ஏன்யா தாயாக்கினே?" என்று ஆண்டவரைக் கேட்டேன். கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

பெரிய வெள்ளி அன்று எங்கள் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. மதியம் சிலுவைப் பாதைக்குக் கிளம்பும் முன் வீட்டில் மூவரும் முழங்காலில் நின்றோம். மகளின் கையைக் குணமாக்கும் என்று கேட்க வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சாமி, நான்தான் புள்ளய தள்ளி வுட்டேன். எல்லார்கிட்டயும் பொய் சொல்லிக்கினு கீறேன்."

மெர்லின் பதறி இடது கையால் என் வாயைப் பொத்தினாள். "சொல்லாதமா! சாமி உன்ன அடிக்கும்!"

என்னைக் கண்டு பயந்தவள் எனக்காகவும் பயந்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன். "சாமி அடிக்காதுடி கண்ணு. நீ இனிமே எதையும் மறைக்க வேணாம்."

வீட்டுக்காரர் மெர்லினின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு, "எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல ஸ்டெல்லா" என்றார். எழுந்து போய் அவரே தண்ணீரைச் சூடாக்கிக் கொண்டுவந்தார்.

"வலிச்சா சொல்லு. உடனே வுட்டுடறேன்" என்றேன். மெர்லின் யோசித்தாள். கையைத் தந்தாள். சுண்டு விரலை லேசாக மடக்கினேன்.

"வலிக்குதுமா."

விட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் அவளாகவே கையை மறுபடி நீட்டினாள். நான் ஐந்து வாரமாகக் கேட்டதை ஆண்டவர் அந்த இடத்தில் தந்தார்.

டாக்டரம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். நன்றாகத் திட்டினார். அது எனக்கு வேண்டியதுதான். பயிற்சி ஒரு மாதத்துக்கு மேல் போனது. இப்போது மெர்லின் வலது கையால் எழுதுகிறாள், தண்ணீர்க் குடமும் பிடிக்கிறாள். எனக்குக் கோபம் போய்விடவில்லை. வரும்போது கையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன், இயேசுவே இயேசுவே என்று. அது அடங்கிய பிறகுதான் உள்ளே போகிறேன்.

நன்றி ஆண்டவரே. இதை வாசிக்கிற தாய்மார்களே, வெட்கத்தினால் அவரிடம் போகாமல் இருக்கிறீர்களா? அந்த வெட்கத்தோடேயே போங்கள். நானும் அப்படித்தான் போனேன்.