அம்மா களி வைத்த இலை

அம்மா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், பிள்ளைகள் மூவரின் சார்பில் கடைசி மகளாகிய நான் கைகூப்புகிறேன். நடுப்பக்கத்தில் எங்கள் குடும்ப மரம் அச்சாகியிருக்கிறது. அதை வரைந்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஞாபகம். எல்லோரும் அதைச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள்.

அம்மா பிறந்தது காஜா பெராங்கில், செட்டி மக்களின் கிராமமான கம்போங் செட்டியில். அங்கே கும்பிடும் சாமிக்குத் தமிழ்ப் பெயர், வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். ரப்பர் தோட்டத்திலிருந்து லோரி ஓட்ட நகரத்துக்கு வந்தவர் அப்பா. தோட்டத்து ஆளையா கட்டப் போகிறாய் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பாவிடமே தமிழ் கற்றுக்கொண்டு, எங்களையும் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். அதன்பின் பலகாரம் செய்து விற்றும், கெபாயா சட்டை தைத்தும்தான் அம்மா எங்களைக் கரையேற்றினார். அவர் சலித்துக்கொண்டு நாங்கள் பார்த்ததில்லை. கோபம் மட்டும் நன்றாக வரும்.

பொங்கலுக்கு முதல் நாள் கம்போங்கில் பார்ச்சு கும்பிடுவோம். இறந்துபோன முன்னோருக்கு வாழையிலை போட்டு, அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதைப் படைக்கும் வழிபாடு அது. எங்கள் வீட்டில் ஆளுக்கோர் இலை. போனவர்களின் பெயரை அம்மா வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சம்பல் இலை, கோப்பி இலை என்று பண்டத்தை வைத்துத்தான் பேச்சு. வரிசையின் கடைசி இலையில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். அம்மாவின் பிறந்த வீட்டில் யாரும் களி கிண்டியதில்லை. அம்மா கிண்டினால் கட்டி தட்டும். ஆனாலும் ஒரு வருடம்கூட அதை விட்டதில்லை. அந்த இலைக்குச் சாம்பிராணி காட்டுவது எப்போதும் அண்ணன்தான்.

அந்த இலைக்குரியவரை மரத்தில் எங்கே எழுதுவது? அதுதான் என்னைப் படுத்திய கேள்வி. அது அப்பாவின் தகப்பனாருக்கு என்றார் அக்கா. அவரோ நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் உயிரோடிருந்து, எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர்; அப்போதே அந்த இலை வரிசையில் இருந்தது. அண்ணன் சொன்ன கதை இன்னும் பெரியது. அம்மாவின் மாமா ஒருவர் கப்பலேறி நாகப்பட்டினம் போய், அங்கே களிக்கு அடிமையாகித் திரும்பி வந்தாராம். ஊர், துறைமுகம், கப்பலின் நிறம் வரைக்கும் அண்ணன் சொல்வார்.

அண்ணனிடம் இன்னொரு ஞாபகமும் உண்டு. பண்டா ஹிலிர் திடலில் நாட்டின் சுதந்திர நாளை அறிவித்தபோது, அப்பாவின் தோளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாராம். அக்காவும் பக்கத்தில் நின்றதாகச் சொல்வார். அக்கா அப்போது பிறக்கவே இல்லை.

இதையெல்லாம் சரிபார்க்க அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மாவிடம் போனேன்.

“கப்பல் மாமாவா? மானா அடா, அப்படி யாரும் இல்லலா. சம்பான்ல ஆத்தைத் தாண்டவே எங்க மாமாங்களுக்குத் தலை சுத்தும்” என்று சிரித்தார்.

“அப்பா தோள்ல உக்காந்து பாத்தேன்னு அண்ணன் சொல்றாரே?”

“உங்கப்பா வேலைக்குப் போயிட்டாரு. உங்கம்மாவுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசந்தான், கூட்டத்துக்கு வர வெக்கம். நாந்தான் அவனைத் தூக்கிட்டுப் போனேன். மூணு வயசுப் பையன், இடுப்பு ஒடிஞ்சிடுச்சி. அவன் எங்க பாத்தான்? பூராவும் தூங்கிட்டான்.”

கல்யாணமாகி இரண்டு மாதம். பையனுக்கு மூன்று வயது. நான் சின்னம்மாவையே பார்த்தேன். அவர் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.

“உங்கம்மா இருந்திருந்தா என் வாயிலயே ஒன்னு போட்டிருப்பா” என்றார். பிறகு சொன்னார். “அந்தக் களி இலை உங்கண்ணனைப் பெத்தவளுக்கு. தோட்டத்துல காய்ச்சல்ல போயிட்டா. உங்கம்மா கல்யாணத்துக்கு முன்ன உங்கப்பாகிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டா, அந்தப் பொண்ணுக்கு என்னா புடிக்கும்னு. மாக் தீரி, சித்தி, அந்தப் பேச்சே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டா.”

அம்மாமேல் எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெருமை வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். ஆனால் மரம் அச்சுக்குப் போக வேண்டும், அண்ணனிடம் சொல்லியாக வேண்டும். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி, துணைக்கு அழைத்துக்கொண்டு பத்து பெரெண்டாம் என்ற ஊரிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, களி இலை யாருக்குன்னு தெரிஞ்சிருச்சி.”

“சின்னம்மா வாய் சும்மா இருக்காதே” என்றார்.

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவருக்குப் பெண் பார்த்த சமயத்தில் அம்மாவே உட்காரவைத்துச் சொன்னாராம்.

“அப்புறம் எதுக்கு அந்தக் கப்பல் மாமா?” என்று அக்கா விடவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் வருசா வருசம் நோண்டிக்கிட்டே இருந்தீங்க. என்னமோ ஒன்னு சொல்லணும்ல.”

தண்ணீர்க் குழாயை மூடினார். என் பக்கம் திரும்பாமலே, “மரத்துல என்னை எங்க போடப் போற?” என்று கேட்டார். பேரன் பேத்தி எடுத்த மனிதர். அவர் குரல் நடுங்கி நான் அதுவரை கேட்டதில்லை.

“எங்க இருந்தீங்களோ அங்கதான். யாராவது நவுத்திப் பாக்கட்டும்” என்றார் அக்கா. அக்காவுக்கு அம்மாவின் கோபம் அப்படியே வந்திருக்கிறது.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவங்களையும் போடு. அம்மா அவங்களை ஒரு வருசம்கூட விட்டதில்ல.”

அப்படியே போட்டிருக்கிறோம். அம்மாவின் பிள்ளைகளில் முதல் பெயர் அண்ணனுடையது. அவருக்கு மட்டும் இரண்டு தாய்மாரிடமிருந்து கோடு வருகிறது. அச்சுப்பிழை என்று யாரும் போன் செய்ய வேண்டாம்.

அம்மா செமாபோக்கில் அக்கா வீட்டில், நாங்கள் மூவரும் அருகிலிருக்க அமைதியாகப் போனார். கடைசிப் பால் ஊற்றியது அண்ணன். நோயில் கூட இருந்து பார்த்துக்கொண்ட அண்டை வீட்டார், இறுதிச் சடங்கைத் தம் வீட்டுக் காரியமாக எடுத்துச் செய்த கம்போங் உறவுகள், வாய்தவறி உண்மையைச் சொன்ன சின்னம்மா, எல்லோருக்கும் எங்கள் நன்றி.

தோட்டத்து மண்ணில் உறங்கும் எங்கள் பெரியம்மாவுக்கும் ஒரு வார்த்தை. உங்களை அப்படி அழைக்க எங்களுக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது. நீங்கள் பெற்றுக் கொடுத்த அண்ணன் எங்களோடு நன்றாக இருக்கிறார். நன்றி, பெரியம்மா.