ஏழும் எட்டும் மாறிய படம்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் இதைப் படிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா ஜேடர்பாளையத்தில் ஒரு சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா இளமையிலேயே காலமானதால் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சேலத்தில் தியேட்டர் ஆபரேட்டரிடம் வேலை பழகி, பிறகு சூரமங்கலத்தில் பழைய படச்சுருள்களைச் செப்பனிடும் கடை வைத்தார். பொறுமை, சுத்தம், சந்தேகம் ஆகிய மூன்றும் அவருடைய குணங்கள். மூன்றாவதை விட்டுவிட்டு எழுதினால் அவரை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ராசிபுரம் நெய்யைக்கூட உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்த பிறகே வாங்குவார்.

வீடுகளில் வீடியோ டெக் வரத் தொடங்கிய காலத்தில், பழைய தீபாவளிப் படம் ஒன்றின் வீடியோ உரிமையை முறைப்படி வாங்கினார். டென்ட் கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த பிரதி. அறுந்த இடங்களை ஒட்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, காசெட்டாகப் பொங்கலுக்கு வெளியிடுவது திட்டம். சித்தப்பா கூட்டாளி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்த நான் பதிவு வேலையைப் பார்த்தேன்.

எதையும் முதலில் தம் அக்கா வீட்டில் தொடங்குவது அப்பாவின் வழக்கம். முதல் காசெட்டைத் தாமே ஜேடர்பாளையம் அத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் வாடகை டெக்கில் ஓட்டினார். பாதியில் அத்தை சிரித்துவிட்டாராம்.

“ஏஞ்சாமி, கல்யாணம் முடிஞ்சப்புறம் பொண்ணு பாக்க வாராங்க?”

படச்சுருள் பெட்டிகளில் ஏழு, எட்டு என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. அதை நம்பாமல் அப்பாதான் வரிசையை மாற்றியிருந்தார். உடனே திரும்பி வந்து மறுபதிவு செய்யச் சொன்னார். சரியான அந்தக் காசெட் மட்டுமே பிரதி எடுப்பதற்காகச் சித்தப்பா கைக்குப் போனது.

பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, எங்கள் படம் ராசிபுரத்தில் வாடகைக்குக் கிடைப்பதாகச் செய்தி வந்தது. ஒரு துக்க வீட்டுப் பந்தலில், எல்லோர் முன்னிலையிலும் அப்பா சித்தப்பாவைத் திருடன் என்றார். சித்தப்பா கடைச் சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் சித்தப்பா மேல்தான் சந்தேகம். காசெட்டைத் தொட்டவர்கள் யார் யார் என்று எழுதிப் பார்த்தேன். அப்பா, சித்தப்பா, நான். ராசிபுரம் போய் அந்தக் காசெட்டை வாடகைக்கு எடுத்து வந்து பார்த்தேன். அதில் கல்யாணத்துக்குப் பிறகு பெண் பார்க்க வந்தார்கள்.

அப்படியென்றால் அது அத்தை வீட்டில் ஓடிய காசெட்டின் நகல். சித்தப்பா அதைக் கண்ணாலும் பார்த்ததில்லை. விசாரித்தபோது, அவசரத்தில் அப்பா காசெட்டை டெக்குக்குள்ளேயே விட்டு வந்ததும், டெக்கை வாடகைக்கு விட்டவர் அதை ஒரு நாள் வைத்திருந்து திருப்பித் தந்ததும் தெரிந்தன. அத்தை மீது ஒரு குற்றமும் இல்லை.

“உஞ்சித்தப்பன் சொல்லிக் குடுத்தானா?” என்றுதான், நான் இதைச் சொன்னதும் அப்பா முதலில் கேட்டார். பிறகு ராசிபுரம் காசெட்டை மூன்று முறை போட்டுப் பார்த்தார். மறுநாள் சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்றார்.

“ஏனுங்கண்ணா வெளியவே நிக்கறீங்க? உள்ள வந்து தேடிப் பாருங்க, இன்னும் ரெண்டு படம் ஒளிச்சு வெச்சிருப்பேன்.”

“தப்பு என்னுதுடா.”

சாவியைச் சித்தப்பா வாங்கிக்கொண்டார். ஊரார் பேச்சு மட்டும் நிற்கவில்லை. அந்தப் பேச்சால் அவர் மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம் தட்டிப்போனது.

கடைசி நாட்களில் அப்பா என்னிடம் சொன்னார்: “திருடன்னு அத்தன பேருக்கு முன்னால சொன்னேன். இல்லேன்னு அவங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். நீ எல்லார்த்துக்கும் சொல்லீரு சாமி.”

அப்பாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. அப்பா சார்பில் இதையும் சொல்கிறேன்: சித்தப்பா எதையும் திருடவில்லை. அன்று பந்தலில் இருந்தவர்கள், இதைப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.