ஃபியூஸ் அவர் பையில்தான் இருந்தது

லிப்ட் ஓடவில்லை என்றால், அதன் அடியில் ஒரு மனிதன் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கலாம் என்று உங்களுக்கு என்றைக்காவது தோன்றியிருக்கிறதா? பொத்தானை நாலு தடவை குத்திவிட்டு, வாயில் வந்ததைத் திட்டிவிட்டு மாடிப்படி ஏறியவர்கள்தாம் நாமெல்லோரும்.

இவர் இருபத்திரண்டு வருடமாக லிப்ட் மெக்கானிக். கம்பெனி என்றால் இவரும், மனைவியின் தம்பியும், ஒரு ஸ்கூட்டரும். மொட்டைமாடி மெஷின் அறையில் மெயின் சுவிட்சை அணைப்பார். அது போதாதென்று ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மச்சான் அந்த அறையில் காவல் நிற்பார். அதற்கப்புறம்தான் லிப்டுக்கு அடியில் இருக்கும் தரைத்தளத்துக் குழிக்குள் கால் வைப்பார்.

ஒரே ஒரு முறை ஃபியூஸோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி ஓடினார். அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்க ஆறு மாடி ஏறியவர்களில் தொலைக்காட்சிக்குக் கதை எழுதுகிறவர் ஒருவரும் இருந்தார்.

ஆறு மாதத்தில் தொடர் வந்துவிட்டது. ஓர் ஆபீஸ், அதில் நடக்கும் கூத்து. வாரந்தோறும் அங்கே லிப்ட் நிற்கும். ‘நம்பிக்கை லிப்ட் சர்வீஸ்’ என்ற கம்பெனியிலிருந்து ஒரு தூங்குமூஞ்சி வருவான். ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விடுவான். ஆபீஸ் பியூன் ஒரு கம்பித்துண்டைச் செருகி லிப்டை ஓட்டிக் காட்டுவான். நாடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மெக்கானிக்கும் முதலில் சிரித்தார். "என்ன நம்பிக்கை, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டால், "இப்பதான், உங்க வீட்லதான்" என்று திருப்பிக் கொடுப்பார். ஒருநாள் ஒரு கட்டிடத்தின் வாட்ச்மேன், வளைத்து வைத்த செம்புக் கம்பியைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார்.

"நீங்க மறந்துட்டுப் போனாலும் இனி கவலையில்லண்ணே. நாங்களே ஓட்டிக்குவோம்."

அன்றிலிருந்து சிரிப்பு நின்றுபோனது. கம்பியைப் பிடுங்கி எறிந்தார். அடுத்த மாதம் அதே இடத்தில் புதுக் கம்பி. போகிற கட்டிடமெல்லாம் ஒன்று. குழிக்குள் இறங்கும்போது காது தானாக மேலே போய்விடுகிறது என்று மனைவியிடம் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் மச்சான் மக்கர் பண்ணினார்.

"என்னால முடியாது அத்தான். மெஷின் ரூம் வாசல்ல நிக்கிறேன், ‘பியூன் வந்தாச்சா’ன்னு கேட்டு செல்ஃபி எடுக்குறானுங்க. என் பொண்ணு ஸ்கூல்லகூட கிண்டல்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்டா. நீ நின்னாத்தானே நான் இறங்க முடியும்?"

"கதவைப் பூட்டிட்டு இறங்குங்க."

அந்தக் கதவுக்குக் கொக்கியே கிடையாது.

நான்கு மாடி ஆபீஸ் கட்டிடம். காலை பதினோரு மணி. தனியாகப் போனார். சுவிட்சை அணைத்தார், ஃபியூஸைப் பையில் போட்டார். கீழே குழிக்குள் இறங்கியதும், யாரும் தவறி விழுந்துவிடக் கூடாதென்று தரைத்தள லிப்ட் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டார். கதவு திறந்திருந்தால் லிப்ட் நகராது. அடுத்தவனுக்காகச் சாத்திய கதவு அது. குழிக்குள் நிறுத்தும் சுவிட்ச் ஒன்று வைக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டிருந்தார். கட்டிடக்காரர்கள் வரவேற்பறைக்குப் புதுச் சோபா வாங்கினார்கள்.

மூன்றாவது மாடி மேனேஜருக்கு, அங்கே நின்றிருந்த லிப்டில் பத்துப் பெட்டிகளைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. பியூனோடு மொட்டைமாடிக்குப் போனார். ஃபியூஸ் இல்லை. இருவரும் சிரித்தார்கள். கம்பி பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மேலே ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒரு முனகல். மெக்கானிக் டார்ச்சை மேலே திருப்பினார். கதவைத் தள்ளினால் லிப்ட் நின்றுவிடும். ஆனால் அவர் இருந்தது குழி நடுவில் லிப்டைத் தாங்க வைத்திருக்கும் பெரிய ஸ்பிரிங்குக்கு அந்தப் பக்கம். எட்டினார், கை எட்டவில்லை. இன்னொரு தடவை எட்ட நேரமில்லை. கயிறுகள் உரசும் ஓசை நெருங்கியது, டார்ச் வெளிச்சத்தில் லிப்டின் இரும்பு அடிப்பாகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. "நிறுத்துங்க! உள்ள இருக்கேன்!" என்று கத்தினார். கத்திக்கொண்டே எண்ணெய்ச் சேற்றில் மல்லாந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார்.

காதுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. மேலே பெட்டிகள் இறங்கும் சத்தம், ஒவ்வொன்றாக. பத்தையும் எண்ணினார்.

குரல் லிப்டுக்கு அடியிலிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரிந்து, லிப்டை மேலே ஏற்றி அவரை வெளியே எடுத்தபோது மேனேஜருக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

"சத்தம் கேட்டுது சார். ஃபியூஸைப் பையிலேயே வெச்சுட்டு மறந்து போயி, திரும்பி வந்து வெளிய நின்னு கத்துறீங்கன்னு நெனச்சோம்." பெட்டிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "ஏதோ உங்க நேரம் நல்லாயிருந்தது, கடவுள் காப்பாத்திட்டார்" என்றார்.

என்ன நேரம்? கம்பியைச் செருகியது கிரகமா? செருகியது இரண்டு பேரின் விரல்கள். காப்பாற்றியது, என்றோ அளவு பிசகாமல் குழி தோண்டிய ஒரு கொத்தனார். ஒரு சாண் குறைத்திருந்தால் அதையும் விதி என்று சொல்லி மாலை வாங்கியிருப்பார்கள். கட்டிடப் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு ‘லிப்ட் சரிசெய்யப்பட்டது’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது.

இரண்டு வாரம் அவர் எந்த லிப்டின் பக்கமும் போகவில்லை. இப்போது போகிறார், வேறு தொழில் தெரியாது. மெஷின் அறை வாசலில் மனைவி முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் போன்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்டி."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"இருக்கேன், இருக்கேன். வேலை செய்ய விடு."

வைத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் மனைவி மறுபடி அழைக்கிறார்.

எல்லா மெக்கானிக்குக்கும் அப்படி ஒருவர் வந்து உட்கார முடியாது. ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: உங்கள் கட்டிடத்துக்கு லிப்ட் பழுது பார்க்க யாராவது வந்தால், மெஷின் அறை வாசலில் ஒருவரை நிற்க வையுங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால் நீங்களே நில்லுங்கள். அவர் மேலே வந்து முகம் காட்டும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.