நயினார் அண்ணாச்சி தேடிய ராமென்

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸில் மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "தம்பி, அவுக போயிட்டாக" என்றார் கோமதி அக்கா. அமெரிக்காவில், மில்பிடாஸ் வட்டாரத் தமிழர்கள் அத்தனை பேருக்கும் 'அண்ணாச்சி'யாக இருந்த, அக்காவின் கணவர் ஆறுமுக நயினார், தொண்டைப் புற்றுநோயோடு ஒன்றரை வருடம் மல்லுக்கட்டிவிட்டு, அன்று விடியற்காலையில் காலமாகியிருந்தார்.

தமிழ்ச் சங்கத்து நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு அவர் டிரைவிங் சொல்லிக்கொடுத்தது, கோயில் விழாக்களில் பந்தியைக் கவனித்துக்கொண்டது எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது ராமெனைப் பற்றி. ஜப்பான்காரர்களின் நூடுல்ஸ் சூப்தான், சிரிக்காதீர்கள். எழுதலாமா என்று கோமதி அக்காவிடம் கேட்டேன். "எழுதுங்க தம்பி. மறைச்சு வச்சு என்னத்தக் கண்டோம்?" என்றார்.

அண்ணாச்சி திருநெல்வேலிச் சைவம். அந்த வீட்டுக்குள் முட்டை போட்ட கேக் கூட நுழைந்ததில்லை. நானோ கோயம்புத்தூர்க்காரன், கோழி இல்லாத ஞாயிறு தெரியாது. நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் சிப் டெஸ்ட் செய்யும் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்து சீட். ஒருமுறை புதிதாக வந்த பையன் ஒருவன் பர்கரிலிருந்து கறியை உருவிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டான். அண்ணாச்சி கேன்டீனிலேயே பிடித்துக்கொண்டார். "எடுத்துப் போட்டா சைவமாயிருமா வே? நல்லா இருக்கே ஒம்ம நியாயம்!" பையன் அதற்குப் பிறகு அவர் கண்ணில் படாமல் சாப்பிட்டான்.

வீட்டில் அக்கா தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கும் சொதிக்கு அவர் அடிமை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அக்கா உட்காருவார். இதெல்லாம் அமெரிக்காவில் எதற்கு என்று என் மனைவி கேட்டதற்கு, "அவுக தட்டக் காலி பண்ணுறதப் பாத்தாத்தான் எனக்குப் பசிக்கும்" என்றாராம்.

ரேடியேஷன் கொடுத்து முடித்ததும் அண்ணாச்சியின் நாக்கு செத்துவிட்டது. எச்சில் ஊறவில்லை. ரசம் பட்டால் தீயாக எரிந்தது. மோர்சாதம் களிமண்ணாக இருந்தது. பெல்ட்டில் புதுசு புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார். எடை இன்னும் இறங்கினால் வயிற்றில் டியூப் வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவுக்குக்கூட அவ்வளவு பயந்ததாகத் தெரியவில்லை. அந்த டியூபை நினைத்துத்தான் நடுங்கினார்.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். நல்ல மழை. எனக்குக் கொலைப்பசி. சான் ஹோசேயில் ஜப்பான்காரர்கள் தெருவில் ஒரு சின்ன ராமென் கடை தெரிந்தது, நுழைந்துவிட்டோம். அவருக்கும் ஒன்று சொல்லி, பரிமாறும் பெண்ணிடம் கவனமாக "நோ மீட்" என்றேன். சூப் வெள்ளை வெளேரென்று இருந்தது. சோயா பால் என்று நானாக முடிவு செய்துகொண்டேன், அண்ணாச்சியும் தலையாட்டினார். ஒரு வாய் உறிஞ்சினார். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வே செல்வராஜ், உப்பு தெரியுது."

கிண்ணத்தில் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக அக்காவிடம் பெருமையடித்தார். "சோயா சூப்பு கோமதி! வழுக்கிக்கிட்டு எறங்குது!"

மறுவாரமும் அதே கடைக்குப் போனோம். சமையலறைக் கதவு திறந்திருந்தது. சமையல்காரர் அண்டாவைச் சாய்த்து வடிகட்ட, எலும்பு எலும்பாக வந்து விழுந்தது. அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது என்ன எலும்பு?"

பரிமாறும் பெண்ணிடம் கேட்டேன். "பன்னிங்க அண்ணாச்சி."

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மறுபடி குடித்தார். "டியூப் வேண்டாம் வே. கோமதிட்ட மட்டும் சொல்லிராதேயும்" என்றார்.

அங்கேதான் சிக்கல் முளைத்தது. அக்கா சும்மா இருப்பாரா? சோயா பால், காளான், கடல்பாசி எல்லாம் வாங்கிக் குவித்துத் தினமும் ஒரு சூப் வைத்தார். இவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவார். "எவனோ ஜப்பான்காரன் வைக்கிறது எறங்குது, நான் வைக்கிறது எறங்கலியே தம்பி. என் கைக்கு என்னாச்சு?" என்று என்னிடமே கேட்டார். அண்ணாச்சிக்கு நோயைவிட இந்தக் கேள்வி வலித்தது.

பொய்யை உண்மையாக்கிவிடுவது என்று கிளம்பினார். எலும்பே போடாமல், ஆனால் தொண்டையில் இறங்குகிற ராமென் இந்த வட்டாரத்தில் எங்காவது இருந்தே தீரும், அந்தக் கடையைக் கண்டுபிடித்து அக்காவைக் கூட்டிப்போய் எதிரில் உட்கார வைத்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. சனிக்கிழமைதோறும் அலைந்தோம். சான் மட்டேயோ, கூப்பர்டினோ, சான் பிரான்சிஸ்கோ என்று ஒரு தெரு விடவில்லை. சிப் டெஸ்ட் செய்கிற அதே முகத்தோடு, முதலில் வெறும் சூப்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் காத்திருப்பார். பிறகு தீர்ப்பு வரும். "ரிஜெக்ட்." சான் மட்டேயோவில் கடல்பாசியும் காளானும் மட்டுமே போட்டு வைக்கிற பெரியவர் ஒருவரைக் கண்டுபிடித்தோம். என் நாக்குக்கு அது தேவாமிர்தம். அண்ணாச்சி இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "வெந்நிதான் வே" என்றார்.

சன்னிவேலில், துணி துவைக்கும் கடைக்கு அடுத்ததாக ஒரு கடை. நாங்கள் பார்த்ததிலேயே அதுதான் முதல்தரம். நூடுல்ஸ் பதம் அப்படி, சூப்பின் திடம் அப்படி. ஆனால் எலும்பு. அன்று கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, "தேடுனது போதும் வே" என்றவர், வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

அக்கா கத்தவில்லை. "உசுரு முக்கியம், போய்ச் சாப்பிடுங்க. என்னய அங்க கூப்பிடாதீக" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

கூப்பிடாமல் இருக்க அவரால் முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சும்மா எதிர்ல வந்து உக்காரேன் கோமதி, ஒண்ணும் தொட வேண்டாம்" என்பார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம்தான் கேட்கும். கடையில் பாதிக் கிண்ணத்தில் நிறுத்திவிட்டு, "தனியாச் சாப்பிட்டா சாப்பாடு மாதிரியே இல்ல வே" என்று புலம்புவார். எதிரில் உட்கார்ந்திருக்கிற நான் என்ன தூணா என்று கேட்டால் சிரிப்பார். எனக்கு அக்கா மேல் கோபமாக வந்தது. பிறந்ததிலிருந்து கறி தின்கிற எனக்கு அவருடைய சங்கடம் எங்கே புரியும்?

இந்த வருடத் தொடக்கத்தில் நோய் திரும்பி வந்தது. சூப்பும் இறங்கவில்லை. கடைசியில் அந்த டியூபை வைத்தே விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அவருடைய அண்ணன் பேர்லேண்டிலிருந்து ஃப்ளைட் பிடித்து வந்திருந்தார். பெரிய இலையில் சொதி, இஞ்சிப் பச்சடி, வடை, பாயசம் என்று படைத்தார்கள். அண்ணாச்சிக்குப் பிடித்ததெல்லாம் இருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். அக்கா அடுக்களைக்குள் போய்விட்டார்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். "தம்பி, காரை எடுங்க. அந்தக் கடைக்குப் போகணும்."

சன்னிவேல் கடை வாசலில், உள்ளேயிருந்து வந்த வாடையில் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். திரும்பிவிடலாம் என்றேன். முந்தானையை எடுத்துவிட்டு உள்ளே நடந்தார். என்னைப் பக்கத்து மேஜைக்குப் போகச் சொன்னார். ஒரே ஒரு ராமென் சொல்லி, அது வந்ததும், எதிரில் இருந்த காலி நாற்காலிக்கு முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆவி அடங்கியது. மேலே கொழுப்பு ஏடு கட்டியது. பரிமாறும் பெண் தயங்கித் தயங்கி வந்து, ஏதாவது சரியில்லையா, எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். நான் பதில் சொல்ல எழுந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஹீ ஈஸ் ஈட்டிங்" என்றார்.

நிதானமாகச் சாப்பிடுங்கள் அண்ணாச்சி. அக்கா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.