சங்கு மச்சம்

கல்லூரியில் படித்த மூன்று வருடமும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பாசஞ்சர் ரயிலில்தான் போனேன். பேரணி ஸ்டேஷனில் என் தோழி ஏறுவாள். ஜன்னலோரத்தில் அவளுக்காகத் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பேன். யாராவது கேட்டால் ஆள் வருது என்று பொய் சொல்லாமல் சொல்லுவேன். அவள் ஏறியதும் முதலில் கேட்பது, "நோட்டு எங்கடி?"

அந்த நோட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான், திங்கட்கிழமை நோட்டு கைமாறும். ஒரே ஒரு சட்டம்தான். அத்தியாயம் முடியும்போது கதாநாயகியைத் தப்பவே முடியாத இடத்தில் மாட்டிவிட வேண்டும். அடுத்தவள் அவளை மீட்க வேண்டும். மற்றவர்கள் பரீட்சைக்குப் பயந்தார்கள். நாங்கள் திங்கட்கிழமைக்குப் பயந்தோம்.

கதை பிறந்தது செஞ்சிக் கோட்டையில். முதல் வருடம் டூர் போயிருந்தோம். வழிகாட்டி எந்த ராஜா எந்த வாசலைக் கட்டினார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்தபோது அவள் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் சரி, இத்தையெல்லாம் மேல தூக்கிக்கினு வந்தது யாரு?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே அவள் எழுதிய முதல் அத்தியாயம் வந்தது. எங்கள் பக்கத்தில் பாஞ்சாலி செஞ்சிக்கு வந்தவள் என்பார்கள், கூத்திலும் அப்படித்தான் ஆடுவார்கள். என் தோழியின் கதையில் பாஞ்சாலி கூந்தல் கலைந்து, கால் வீங்கி, பசியோடு கோட்டைக்கு வருகிறாள். அரண்மனையில் யாரும் கதவைத் திறக்கவில்லை. கல் சுமக்கும் ஒரு பெண் தன் கேப்பைக் கூழில் பாதியைக் கொடுக்கிறாள். பதிலுக்கு, தொட்ட கல் பேசும் வரம் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள் பாஞ்சாலியை இப்படி எழுதுகிறாளே என்று எனக்கு வாய் பிளந்துவிட்டது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.

எங்கள் வீட்டுக்குக் கோலியனூரில் கரும்பு நிலம் இருந்தது. அவள் வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். இதற்கும் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டாம் வருடம் முடியும் சமயம், கதையில் கல் பேசும் விஷயம் கோட்டைத் தளபதிக்குத் தெரிந்துவிட்டது. புதையலைக் காட்டச் சொல்கிறான், கல் சுமக்கும் பெண் மறுக்கிறாள். கைதிகளைப் போட்டுவிட்டு மறந்துவிடும் பாறைப் பள்ளம் ஒன்று அங்கே உண்டு. அதில் அவளைத் தள்ளிவிட்டு நோட்டை என் கையில் கொடுத்துவிட்டாள் என் தோழி. "எடுடி பார்க்கலாம் வெளிய."

ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன யோசித்தும் வழி கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திடீரென்று பொறி தட்டியது. அந்தப் பெண்ணின் தோளில் சங்கு வடிவத்தில் ஒரு மச்சம்! காவலன் பார்த்துவிடுகிறான். அவள் குழந்தையிலேயே காணாமல் போன ராஜகுமாரி! தளபதி காலில் விழுகிறான், பல்லக்கு வருகிறது. எழுதி முடித்தபோது என்னைப் போல ஒரு கெட்டிக்காரி இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்தேன்.

அதோடு விட்டேனா? ராஜகுமாரிக்கு என் தோழி வைத்திருந்த சின்னப் பெயர் எப்படிப் பொருந்தும்? அவர்கள் தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் சாதாரணப் பெயர் அது. நீளமாக, மணிமணியாக ஒரு பெயர் வைத்தேன். பிறகு முதல் பக்கத்திலிருந்து பழைய பெயரைக் கறுப்புப் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்து, மேலே புதுப் பெயரை எழுதினேன். என் பக்கங்களில் மட்டுமல்ல, அவள் எழுதிய பக்கங்களிலும்.

மறுநாள் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது கட்டிப்பிடிப்பாள் என்று. மயிலம் தாண்டியது. நோட்டை மூடினாள்.

"கல்லு தூக்குறவளுக்கு சக்தி இருந்தா ஆவாதா? ராஜா வூட்ல பொறந்தாத்தான் காப்பாத்துவியா?"

"கதைன்னா ஒரு திருப்பம் வேணாமாடி? நீதான பள்ளத்துல தள்ளி என்னைப் பேஜாரு பண்ண?"

"உன்னை நம்பித்தான தள்ளுனேன்."

அவள் எழுதிய பக்கங்களை ஒவ்வொன்றாக, பதறாமல், ஓரம் கிழியாமல் பிரித்து எடுத்தாள். மிச்சத்தை என் மடியில் வைத்தாள். திண்டிவனத்தில் எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். மூன்றாம் வருடம் முழுக்க வேறு பெட்டியில் ஏறினாள். நான் ரொம்ப நாள் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஒரு கதைக்காக இவ்வளவு ரோஷமா என்று திட்டிக்கொண்டே இடம் பிடித்தேன்.

இப்போது நான் இளையவர்களுக்கு மாயக்கதைகள் எழுதுகிறேன். மூன்று புத்தகம் வந்திருக்கிறது. போன வருடம் விழுப்புரத்தில் ஒரு புத்தகக் கண்காட்சியில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையெழுத்து வாங்க வந்தாள். "ஒண்ணு கேக்கலாமாங்க்கா? உங்க கதையில சக்தி வர்றவங்க எல்லாம் கடைசியில ராஜா வூட்டுப் புள்ளையாவே இருக்காங்களே, ஏங்க்கா?" நான் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து பரணிலிருந்து நோட்டை இறக்கினேன்.

அந்த அத்தியாயத்தை முழுவதும் அடித்தேன். மச்சம் போயிற்று, பல்லக்கு போயிற்று. அந்தப் பெண் மறுபடியும் பள்ளத்தில் நிற்கிறாள். அவளை வேறு விதமாக மீட்க ஒரு மாதம் முயன்றேன். என்ன எழுதினாலும் யாராவது பெரிய மனிதர் வந்து கை கொடுப்பதாகவே முடிந்தது. எனக்குத் தெரிந்த வழியெல்லாம் அரண்மனை வழியாகத்தான் போகிறது. கல் அவளிடம் என்ன சொல்லியிருக்கும் என்பது என் தோழிக்குத்தான் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஜன்னலோரமாக, பேரணியிலிருந்து திண்டிவனம் வரைக்கும், ஒரே ஒரு தடவை.

எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அவள் எண் இரண்டு வருடமாக இருக்கிறது. நான் கூப்பிட்டதில்லை. இப்போது துணிந்து, அடித்த பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். கீழே, "அவள திருப்பி அங்கயே வுட்டுட்டேன். உன் முறைடி" என்று எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது.

"அவ பேரு என்னா?"

நான் வைத்த நீளமான பெயர் உடனே நாக்கில் வந்தது. பழைய பெயர் வரவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். அவ்வளவு அழுத்தி அடித்திருக்கிறேன், சில இடங்களில் தாளே ஓட்டை. தெரிந்த பெயர்களையெல்லாம் ஒன்றொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஏதாவது ஒன்றை அனுப்பிப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"மறந்துட்டேன்" என்று அனுப்பினேன்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்று வந்தது.

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவள் முறை.